சொந்தப் புகைப்படங்களைக் கொண்டு மூன்று நிமிட டிஜிட்டல் கதை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: போச்சம்பள்ளி மகள்

அனைவருக்கும் வணக்கம். நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போச்சம்பள்ளிக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவள். இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். மாசி, பங்குனி மாதங்களில் ஊருக்குப் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் புளி தட்டுவதைச் செல்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். வியாபாரி மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும் புளியை ஓடு நீக்கி, நார் உரித்து, கல்லின்மேல் வைத்துச் சிறிய சுத்தியலால் தட்டிக் கொட்டையைப் பிரித்து, மீண்டும் எடைபோட்டு ஒப்படைக்கும் கூலி வேலை அது. கல்லூரிப் படிப்பு முடியும்வரை நானும் அதே திண்ணையில் உட்கார்ந்து தட்டியவள்தான்.

செல்பேசியே தானாகப் படங்களைக் கோத்து, பின்னணியில் ஓர் இசையையும் சேர்த்து, 'நினைவுகள்' என்று காட்டுகிறதே, அது எனக்கு வேண்டாம். அதில் படங்கள் வரிசையாக வந்து போகின்றனவே தவிர, அவற்றைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பது எங்கும் இல்லை. அந்த வேலையை விட்டு வந்த பிறகும் அதையே ஏன் திரும்பத் திரும்பப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெளிவாக வேண்டும் என்பதற்காகத்தான், மூன்று நிமிடத்துக்குள், என் குரலில், ஒரு சிறு கதை செய்ய விரும்புகிறேன்.

முதலில் படங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா, எழுத்தை எழுத வேண்டுமா? அம்மாவைப் பேசவைக்கலாமா, நான் மட்டும் பேசினால் போதுமா? நூற்றுக்கணக்கில் இருக்கும் படங்களில் எவற்றை வைத்துக்கொள்வது? பழைய ஆல்பத்தின் பிசின் தாளில் ஒட்டிக்கொண்ட சில படங்களும் தேவைப்படுகின்றன. அவற்றை எப்படி எடுப்பது என்றும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: தகடூர் ஆசிரியர்

வணக்கம் அம்மா. தாங்கள் செய்ய விரும்புவதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் டானா ஆட்ச்லி, ஜோ லாம்பர்ட் முதலானோர், திரைத்துறை அறியாத சாதாரண மக்கள் தங்கள் வீட்டு ஆல்பத்தையும் தங்கள் குரலையும் கொண்டு இரண்டு மூன்று நிமிடக் கதை செய்வதற்கான பயிலரங்குகளை நடத்தத் தொடங்கினர். பின்னர் 2001 முதல் பிபிசி வேல்ஸ் நிறுவனம், புகைப்படக் கலைஞர் டேனியல் மெடோஸின் வழிகாட்டலில், வேல்ஸ் நாட்டு ஊர்களுக்கே சென்று இதைச் செய்தது. மெடோஸ் சொன்ன அளவு ஏறத்தாழ 250 சொற்கள், பன்னிரண்டு சொச்சம் படங்கள், 2 நிமிடம் என்பதாகும். அது ஆங்கிலத்துக்கான கணக்கு. தமிழில் ஒரு சொல்லே நீண்டுவிடுவதால், மூன்று நிமிடத்துக்கும் 200 சொற்களை ஒட்டி எழுதிக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு வாங்காமல் படிக்க முடிந்தால் அளவு சரி.

அந்தப் பயிலரங்குகளில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம், கணினியைத் தொடுவதற்கு முன்பு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தம் கதையை மற்றவர்களிடம் வாயால் சொல்லிப் பார்ப்பது. கேட்பவர் எந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருகிறார், எந்த இடத்தில் செல்பேசியை எடுக்கிறார் என்பதைப் பார்த்தாலே கதை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். தங்களுக்குப் பயிலரங்கு தேவையில்லை. ஓசூரில் உடன் தங்கியிருக்கும் தோழியர் இருவரிடம் சொல்லிப் பார்த்தால் போதும்.

எழுத்தா படமா என்ற கேள்விக்கு என் விடை, எழுத்துதான் முதலில். படங்களை முதலில் அடுக்கினால், எழுத்து அவற்றுக்குப் பின்னால் ஓடி, 'இது எங்கள் திண்ணை, இது எங்கள் அம்மா' என்று விளக்கவுரை ஆகிவிடும். நம் தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். வில்லும் வாளும் ஏந்திய வீரன், உடலில் தைத்த அம்பு, சில கற்களில் அவன் மீட்ட ஆநிரை என்று அத்தனையும் சிற்பத்திலேயே இருக்கும். மேலே உள்ள எழுத்து அதில் எதையும் திருப்பிச் சொல்வதில்லை. எந்த அரசனுடைய எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தத் தொறுப்பூசலில், அதாவது ஆநிரைக்கான சண்டையில், இறந்துபட்டான் என்று, கல்லில் செதுக்கிக் காட்ட முடியாததை மட்டும் இரண்டு மூன்று வரியில் சொல்லி நின்றுவிடும். தங்கள் குரலும் அப்படித்தான் இருக்க வேண்டும். படத்தில் சுத்தியல் தெரிகிறதென்றால், குரல் சுத்தியலைப் பற்றிப் பேசக் கூடாது.

எழுதத் தொடங்குவதற்கு ஒரு வழி சொல்கிறேன். எல்லாப் படங்களையும் திறந்துவைக்காமல், தங்கள் நினைவில் முதலில் வரும் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படத்துக்குள் என்ன இருக்கிறது என்று எழுதாமல், அதை எடுத்த நேரத்தில் படத்துக்கு வெளியே என்ன இருந்தது என்று எழுதுங்கள். தாங்கள் எங்கே நின்றீர்கள், செல்பேசியை எடுத்ததும் பேச்சு நின்றதா தொடர்ந்ததா, எடுத்த பிறகு அதை யாரிடம் காட்டினீர்கள், எடுக்காமல் விட்டது எது? புகைப்படம் எடுத்தவர் படத்தில் இருப்பதில்லை. ஆனால் தாங்கள் செய்ய நினைக்கும் கதை அவரைப் பற்றியது. ஒரு மாதம் கழித்து வரும் கதைக்கும் இன்று எழுதும் பக்கத்துக்கும் தொடர்பே இல்லாமல் போகலாம், அதனால் நட்டமில்லை.

அம்மாவைப் பேசவைப்பது பற்றி: கேள்வி தங்களுடையது என்பதால் குரலும் தங்களுடையதாகவே இருக்கட்டும். அம்மா சொன்ன ஒரு வாக்கியத்தை, அவர் சொன்ன பேச்சிலேயே, ஓர் இடத்தில் வைக்கலாம். பேட்டி வேண்டாம், பேட்டி வேறு வகை, அதற்கு வேறு நேர்மை வேண்டும்.

பதில்: அரூர்க்காரன்

ஆசிரியர் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், எழுத்துதான் முதலில் என்பதை மட்டும் ஏற்க இயலவில்லை. நினைவு தனக்கு வசதியான கதையைத்தான் எழுதும். புகைப்படத்தின் பயனே அது நினைவை மறுத்துப் பேசும் என்பதுதான். எழுதிவிட்டுப் படம் தேடினால், எழுதியதற்கு ஒத்துவரும் படத்தை மட்டுமே கண் பொறுக்கும். மறுத்துப் பேசும் படம் ஓரமாகப் போய்விடும்.

ஆகவே முதலில் எல்லாப் படங்களையும் எடுக்கப்பட்ட நாள்வாரியாக அடுக்கிப் பாருங்கள். செல்பேசி எடுத்த மூலக் கோப்பில் தேதியும் நேரமும் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் அந்தப் பதிவு நீங்கிவிடும். கோப்பின் பெயரில் இருக்கும் தேதியை எடுத்த தேதி என்று நம்பிவிடாதீர்கள். தவிர, வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் படத்தைச் சுருக்கிவிடும் என்பதால், உறவினரிடமிருந்து பழைய படம் வாங்கும்போது ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். அடுக்கிய பிறகு, எல்லாவற்றிலும் திரும்ப வருவது எது, எதிர்பார்த்தும் ஒன்றில்கூட வராதது எது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவது பட்டியலில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும். அதற்குப் பிறகு எழுதலாம்.

பதில்: காவேரிப்பட்டினம் ஸ்டுடியோ

எழுத்து முந்தியா படம் முந்தியா என்ற வழக்கைப் பெரியவர்கள் முடித்துக்கொள்ளட்டும்; நான் தொழில் தொடர்பானவற்றை மட்டும் சொல்கிறேன்.

பிசின் தாளில் ஒட்டிய படத்தைப் பிய்த்து எடுக்க முயலாதீர்கள். மேல் உறையை மட்டும் மெதுவாக விலக்க முடிந்தால் விலக்கி, பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். 4-க்கு 6 அங்குலப் படத்தை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்தால் அகலம் 1800 புள்ளிகள்தான் கிடைக்கும். முழு எச்டி காணொளியின் அகலமே 1920 என்பதால், அந்தப் படம் திரையை நிரப்பும்போதே மங்கத் தொடங்கும். 600 டிபிஐயில் 3600 புள்ளிகள் கிடைக்கும், முகத்தை நோக்கிச் சற்று நெருங்கவும் இடமிருக்கும். ஸ்கேனர் இல்லையென்றால், நேர் வெயில் படாத சன்னல் ஓரத்தில் ஆல்பத்தை வைத்து, பிளாஷ் இல்லாமல், செல்பேசியைப் படத்துக்கு இணையாகப் பிடித்து எடுங்கள். செல்பேசிப் படங்கள் பெரும்பாலும் 4:3 விகிதத்தில் இருக்கும், காணொளியோ 16:9. மேலும் கீழும் வெட்டுப்படும் என்பதால், எதை இழக்கிறோம் என்று ஒவ்வொரு படத்துக்கும் நாமே முடிவு செய்ய வேண்டும். மென்பொருளின் முடிவுக்கு விட்டால் தலையை வெட்டிவிடும்.

குரலுக்குத்தான் மிகுந்த கவனம் தேவை. படம் சற்று மங்கலாக இருந்தாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், இரைச்சலைப் பொறுக்கமாட்டார். மின்விசிறியை நிறுத்தி, செல்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து, துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்து பேசுங்கள்; எதிரொலியைத் துணி விழுங்கிக்கொள்ளும். ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். தங்கள் கதையில் 'புளி' என்ற சொல் நிறைய வரப்போகிறது. நேராக வைத்தால் ஒவ்வொரு 'பு'வுக்கும் ஒலிவாங்கியில் காற்று மோதும். பேசி முடித்ததும், எதுவும் பேசாமல் அரை நிமிடம் அந்த அறையின் அமைதியையும் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இரைச்சலைக் குறைக்க அந்தப் பகுதிதான் மாதிரியாகப் பயன்படும். தொகுப்பதற்குக் கணினியில் ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன.

திரைப்பாடலைச் சேர்க்க வேண்டாம். ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு, யூடியூபில் ஏற்றிய உடனே உரிமை கோரல் வந்து நிற்கும். அதைவிட முக்கியமாக, பாடல் தன் கதையைத்தான் சொல்லும். ஸ்டுடியோவில் எடுத்த படத்தை ஆல்பத்திலிருந்து பயன்படுத்தலாமா என்று என்னிடம் பலர் கேட்பதுண்டு. காசு கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. ஆகவே தங்கள் வீட்டு விசேஷப் படங்களைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

பதில்: போச்சம்பள்ளி மகள்

மூவருக்கும் நன்றி. முதலில் அரூர் அண்ணன் சொன்னபடி படங்களை அடுக்கினேன், அதன் பிறகு ஆசிரியர் ஐயா சொன்னபடி எழுதினேன். அடுக்கியதும் கண்ணில் பட்டது இதுதான்: வேலைக்குப் போன பிறகு நான் எடுத்த எல்லாப் படங்களும் நின்றுகொண்டு எடுத்தவை. தட்டும் கல், முறம், குவிந்த புளி, கைகள், குனிந்த தலைகள் எல்லாம் மேலிருந்து பார்த்தபடி இருக்கின்றன. வராதது எது என்று தேடினால், முகம். பழைய ஆல்பத்தில் மாமா பிலிம் கேமராவில் எடுத்த ஒரு படத்தில் மட்டும் நான் பாவாடை சட்டையில் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், மடியெல்லாம் நார்.

செல்பேசியில் ஒரு படத்தை அம்மாவிடம் காட்டி, "நீங்கள் தட்டிக்கொண்டிருந்தபோது எடுத்தது" என்று சொன்னேன். அம்மா திண்ணைத் தூணின் நிழலைப் பார்த்துவிட்டு, "இது தட்டுற நேரமா? வெயில் ஏறின நேரம், ஓடு நல்லா நொறுங்கும், ஓடுதான் எடுத்துக்கிட்டிருந்தோம்" என்றார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சுத்தியல் ஓரமாகத்தான் கிடக்கிறது.

நான் எழுதியதில் நடுப்பகுதியை இங்கே தருகிறேன். தயங்காமல் குறை சொல்லுங்கள்.

"அம்மா நிமிர்ந்து பார்க்கும் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. தட்டும்போது நிமிர்ந்தால் சுத்தியல் விரலில் விழும். அதனால் எல்லாப் படங்களிலும் அம்மாவின் உச்சி வகிடுதான் தெரிகிறது. நானும் உட்கார்ந்து தட்டிய காலத்தில் அந்த வகிட்டை நான் பார்த்ததே இல்லை. எதிரில் உட்கார்ந்தால் முகம்தான் தெரியும். இன்று நான் படித்து உயர்ந்துவிட்டதால் என் வேர்களிலிருந்து விலகிவிட்டேன் என்பதை இந்தப் படங்கள் எனக்கு உணர்த்துகின்றன. உழைப்பின் அருமையை நாம் என்றும் மறக்கக் கூடாது."

இன்னொன்றும் கேட்க வேண்டும். சுத்தியல் ஒலியைப் பின்னணியில் தொடர்ந்து ஓடவிடலாமா?

பதில்: தகடூர் ஆசிரியர்

அரூர்க்காரர் வாதத்தில் வென்றார் என்றே சொல்ல வேண்டும். தங்கள் கதை அந்த வரிசையில்தான் கிடைத்திருக்கிறது. எழுத்தை மட்டும் முதலில் வைத்திருந்தால் உச்சி வகிடு வந்திருக்காது.

தங்கள் பகுதியில் "எதிரில் உட்கார்ந்தால் முகம்தான் தெரியும்" என்ற வாக்கியத்தோடு நிறுத்திவிடுங்கள். அதற்குப் பின் வரும் இரண்டு வாக்கியங்களும் மேடைப் பேச்சு. கேட்பவர் தாமாகவே கண்டுகொண்டிருக்கும் ஒன்றை அவர் கையிலிருந்து பிடுங்கி, மோசமான காகிதத்தில் சுற்றித் திருப்பிக் கொடுப்பதாக இருக்கிறது. 'உணர்த்துகின்றன' என்று எழுதும் இடங்களை எல்லாம் ஐயத்தோடு பாருங்கள். அம்மா நிழலைப் பார்த்து நேரம் சொன்னதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அந்த வேலையை விட்டு வந்தவர் தட்டுதல் என்று மொத்தமாகப் பார்ப்பதை, அதைச் செய்பவர் ஓடு, நார், கொட்டை என்று வேளைவேளையாகப் பார்க்கிறார். தாங்கள் சொல்ல வந்த விலகல் முழுவதும் அதற்குள் இருக்கிறது, விலகல் என்ற சொல் இல்லாமலே.

படங்களின் ஓட்டத்தைப் பற்றி ஒன்று. மேலிருந்து எடுத்த படங்களைச் சற்று வேகமாக, ஒவ்வொன்றும் நான்கைந்து விநாடி வரும்படி வையுங்கள். மாமா எடுத்த படம் வரும்போது பதினைந்து விநாடியாவது அசையாமல் நிற்கட்டும், குரலும் அதில் பாதி நேரம் பேசாமல் இருக்கட்டும். படத்தை மெல்ல நெருக்கியும் நகர்த்தியும் காட்டும் 'கென் பர்ன்ஸ் எஃபெக்ட்' எல்லா மென்பொருளிலும் தயாராக இருக்கிறது என்பதால் எல்லோரும் எல்லாப் படத்துக்கும் போட்டுவிடுகிறார்கள். தங்களுக்கு அது ஒரே ஓர் இடத்தில் தேவை: தூணின் நிழலிலிருந்து ஓரமாகக் கிடக்கும் சுத்தியலுக்கு. அம்மாவின் கண் போன வழியிலேயே பார்ப்பவரின் கண்ணும் போகும்.

சுத்தியல் ஒலியைத் தொடர்ந்து ஓடவிட்டால் அரை நிமிடத்தில் காது அதை மறந்துவிடும். தொடக்கத்தில் சில விநாடி மட்டும் கேட்கட்டும், பிறகு வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்து தட்டும்போது தாளம் ஒன்றோடொன்று ஒட்டாமல் வருமே, அதையே பதிவு செய்யுங்கள். தனியாக ஒருவரைத் தட்டச் சொல்லி எடுத்தால் கடிகாரம் போல் கேட்கும்.

பதில்: பென்னாகரத்தாள்

மகளிர் குழுக்களோடு பல ஆண்டுகளாக வேலை செய்பவள் என்ற முறையில், இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். தங்கை தன் அம்மாவிடம் படத்தைக் காட்டியிருக்கிறார், நல்லது. பக்கத்து வீட்டுப் பெண்களிடம் காட்டினாரா? திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது படம் எடுக்க விட்டார்கள் என்பது, அதை ஊர் பார்க்க இணையத்தில் போடச் சம்மதம் தந்தார்கள் என்று ஆகாது. மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில், கூலிக்குப் புளி தட்டுவது வெளியில் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி நினைக்கக் கூடாது என்று நாம் அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முடிந்த கதையை அதே திண்ணையில் வைத்து, முதலில் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். இந்த இடம் வேண்டாம் என்று யாராவது சொன்னால் அந்தப் படம் போக வேண்டியதுதான். மேலிருந்து எடுத்த படங்களில் முகம் தெரியவில்லை என்பது இங்கே ஒரு வசதி. ஆனால் ஊருக்குள் இருப்பவர்களுக்குக் கையும் வளையலும் புடவையுமே போதும்.

இன்னொன்று மூட்டைகள். சாக்கின்மேல் வியாபாரியின் குறியோ பெயரோ மையால் எழுதியிருக்கும், தாங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். கதையில் கூலியைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும், அது அவரைச் சொன்னதாகிவிடும். அடுத்த பருவத்தில் அந்தத் தெருவில் மூட்டை இறங்காமல் போனால் இழப்பு தங்களுக்கு இல்லை. எல்லாப் படங்களிலும் ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, குறி தெரியும் படங்களை வெட்டியோ விலக்கியோ வையுங்கள். வீட்டாரும் தெருவாரும் பார்ப்பதற்கு முழுக் கதையும், வெளியில் பகிர்வதற்குச் சில படங்கள் குறைந்த இன்னொரு வடிவமும் என இரண்டாகச் செய்து வைத்துக்கொள்வது சிரமமில்லை. மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.